விரல் ரேகை விழாத அக்காவும் ஒரு கத்தரிக்கோல் நொதியும்

சேலத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மாதாமாதம் புற்றுநோய் மாத்திரை வாங்குகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களில் ஒரு அக்கா, ஏற்காட்டுக்கு மேலே காபி எஸ்டேட்டில் வேலை, பெருங்குடலில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனவர், மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே கடைக்கும் வந்துவிட்டுப் போவார். ஒரு நாள் சீட்டை நீட்டாமல் கையை நீட்டினார். "தம்பி, ரேஷன் கடையில மெஷின் என் விரலை எடுக்க மாட்டேங்குது. பத்து விரலும் வச்சுப் பார்த்தாச்சு. காபிப் பழம் பறிச்சுப் பறிச்சுத் தேஞ்சு போச்சுங்கறாங்க. முப்பது வருஷமா பறிக்கிறேன், போன தீபாவளி வரைக்கும் விழுந்துச்சே?"

விளக்குக்கு அடியில் கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்து, விரல் மடிப்புகளில் தோல் கொஞ்சம் உரிந்து கிடந்தது. விரல் நுனிகள் மட்டும் வேறு மாதிரி, செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் மெருகு போட்ட வெள்ளித் தகடு போல வழவழவென்று மின்னின. கோடு என்று ஒன்றுமே கண்ணுக்குத் தெரியவில்லை. காபிச் செடி பாவம், அதன் மேல் தப்பில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கேப்பசிட்டபைன் மாத்திரை செய்த வேலை இது.

கேட்டால் நம்ப மாட்டார்கள் என்பதால் அவரிடம் ஒரு கதை சொன்னேன். 2009-ல் சிங்கப்பூர் டாக்டர் ஒருவர் மருத்துவ இதழ் ஒன்றில் சின்னக் கடிதம் எழுதினார். அவருடைய நோயாளி, 62 வயது, இதே மாத்திரையில் இருந்தவர், 2008 டிசம்பரில் சொந்தக்காரர்களைப் பார்க்க அமெரிக்கா போயிருக்கிறார். விமான நிலையத்தில் விரலை வைத்தால் ரேகை விழவில்லை, 4 மணி நேரம் உட்கார வைத்துத்தான் விட்டிருக்கிறார்கள். இனிமேல் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயணம் போகும்போது டாக்டர் கடிதம் கையில் இருக்கட்டும் என்று அந்த டாக்டர் எழுதியிருந்தார். அக்கா கேட்டுவிட்டு, "அமெரிக்காவுலயே அந்தக் கதின்னா ரேஷன் கடைக்காரர் என்ன பண்ணுவார், பாவம்" என்றார். சரி, மெஷின் விஷயத்துக்கு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதும், அப்புறம் கருவிழியோ போனுக்கு வரும் எண்ணோ ஏதோ ஒரு வழி இருக்கும். ஆனால் வயிற்றில் இருக்கும் கட்டிக்காகச் சாப்பிடும் மாத்திரை விரல் நுனியில் ஏன் வேலை செய்கிறது? அதைச் சொல்லப் போனால் தைமிடின் பாஸ்பாரிலேஸ் என்கிற ஒரு நொதியிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்த பெயர். இப்போது யோசித்தால், புற்றுநோய் மருத்துவத்தில் இத்தனை முகம் காட்டும் நொதி வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

முதலில் நியூக்ளியோசைடு. டி.என்.ஏ.வின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த எழுத்துக்குரிய காரத்தோடு ஒரு சர்க்கரை ஒட்டியிருந்தால் அது நியூக்ளியோசைடு. தைமின் என்கிற காரமும் டீஆக்ஸிரைபோஸ் என்கிற சர்க்கரையும் சேர்ந்தால் தைமிடின். தைமிடின் பாஸ்பாரிலேஸ் அந்தச் சர்க்கரையைத் தனியாக வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அனுப்பிவிடும். தைமின் ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம். சொல்லப் போனால் ஒரு கத்தரிக்கோல், அவ்வளவுதான் வேலை. உடம்பில் செத்துப் போன செல்களின் டி.என்.ஏ.விலிருந்து வரும் பழைய சரக்கைப் பிரித்துப் போடும் காயலாங்கடை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையை வெட்டுவது என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். சேலத்துக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் வெளியே தேட வேண்டியதில்லை. நம்ம ஊர்க் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி இருக்கிறதே, அதில் லினமரின் என்று ஒரு பொருள் உண்டு. ஒரு குளுக்கோஸ் சர்க்கரையோடு கட்டிப் போட்ட சயனைடு என்று அதைச் சொல்லலாம். கட்டு இருக்கும்வரை செடிக்கு ஒன்றும் ஆகாது. செல்லுக்குள் ஒரு பையில் அது இருக்கும், அந்தக் கட்டை அவிழ்க்கிற லினமரேஸ் என்ற நொதி செல் சுவரில் தனியாக இருக்கும். ஆடு இலையைக் கடித்தாலோ, கிழங்கை ஆலையில் போட்டு அரைத்தாலோ இரண்டும் கலக்கும், நொதி சர்க்கரையை வெட்டும், சயனைடு வெளியே வரும். மரவள்ளி இலை தின்ற ஆடு செத்துப் போன கதை ஆத்தூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சேகோ ஆலையில் கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, தண்ணீர் விட்டு அலசி, திப்பியைப் பிரித்து, மாவைக் காய வைக்கிற வரிசையில் அந்த விஷம் பெரும்பாலும் தண்ணீரோடும் காற்றோடும் போய்விடுவதால்தான் நாம் நிம்மதியாக ஜவ்வரிசிப் பாயசம் குடிக்கிறோம்.

கேப்பசிட்டபைனும் கிட்டத்தட்ட இதே தந்திரம்தான். விஷத்தைச் சர்க்கரையோடு கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டை அவிழ்க்கிற நொதி எங்கே அதிகமோ அங்கே விஷம் அதிகமாக வெளிவரும்.

அந்த விஷத்தின் பெயர் ஃபுளூரோயுராசில். நோயாளிகள் வாயில் "ஃபைவ் எஃப்யூ". 1957-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹைடெல்பெர்கர் குழுவினர் கொண்டுவந்தது. அதற்குக் கொஞ்ச காலம் முன்பு எலிகளின் கல்லீரல் கட்டி, நல்ல கல்லீரலைவிட அதிகமாக யுராசிலை இழுத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஆசைப்பட்டுத் தின்கிறதா, அதிலேயே முள்ளை வைப்போம் என்று ஹைடெல்பெர்கர் யுராசிலின் ஐந்தாவது இடத்தில் இருந்த ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஒரு ஃபுளூரின் அணுவை வைத்தார். எதேச்சையாகக் கிடைத்த மருந்து இல்லை, காகிதத்தில் யோசித்துச் செய்த மருந்து. செல் டி.என்.ஏ.வைப் படியெடுக்க தைமின் வேண்டும், தைமினை உண்டாக்க ஒரு நொதி அந்த ஐந்தாவது இடத்தில்தான் கார்பன் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தும். அங்கே ஃபுளூரின் உட்கார்ந்திருந்தால் நொதியின் கை அப்படியே ஒட்டிக்கொள்ளும், விட வராது. தைமின் தட்டுப்பாடு வந்து, வேகமாகப் பெருகுகிற செல்தான் முதலில் சாகும்.

மருந்து நல்ல மருந்து, ஆனால் இரத்தத்தில் அது பாதியாகக் குறைய 10 முதல் 20 நிமிஷம்தான் ஆகும். அதனால் ஒரே ஊசியாகப் போடுவதை விட 46 மணி நேரம் பம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது வழக்கமானது. ஏற்காட்டு மலையிலிருந்து வருகிற ஒருவருக்கு அதன் அர்த்தம் என்னவென்று யோசித்துப் பாருங்கள்: ஆஸ்பத்திரிப் படுக்கை, கூட ஒரு ஆள், இரண்டு நாள் கூலி போனது, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற பதைப்பு. மாத்திரையாகக் கொடுக்கலாமே என்றால் ஃபுளூரோயுராசிலை நேராக வாயில் கொடுத்தால் எவ்வளவு உள்ளே போகும் என்று நிச்சயமில்லை, ஆளுக்கு ஆள் மாறும். அங்கேதான் ஜப்பானியர்கள் வந்தார்கள்.

அவர்கள் ஃபுளூரோயுராசிலில் ஒரு சர்க்கரையை ஒட்டினார்கள். சரியாக தைமிடின் பாஸ்பாரிலேஸ் வெட்டக்கூடிய சர்க்கரை. டாக்சிஃபுளூரிடின் என்ற பெயரில் அது 1980-களிலேயே ஜப்பானில் வந்தது. ஆனால் குடலிலும் அந்த நொதி இருப்பதால் மாத்திரை வயிற்றுக்குள் போனதுமே பாதி வழியில் அவிழ்ந்து பேதியைக் கிளப்பியது. சரி, மேலும் இரண்டு கட்டுப் போடுவோம் என்று அதன் மேல் இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டதுதான் கேப்பசிட்டபைன். குடலைத் தாண்டும்வரை அது சும்மா கிடக்கும். கல்லீரலில் கார்பாக்சிலெஸ்டரேஸ் என்ற நொதி முதல் முடிச்சை அவிழ்க்கும். கல்லீரலிலும் கட்டியிலும் இருக்கிற சைட்டிடின் டீஅமினேஸ் இரண்டாவதை. கடைசி முடிச்சு நம்ம கத்தரிக்கோலுக்கு. 1998-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது, 2001-ல் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கும்.

கட்டியில் உண்மையாகவே அதிகம் அவிழ்கிறதா என்று பார்க்காமல் விடுவார்களா? ஆபரேஷனுக்குக் காத்திருந்த பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்குச் சில நாள் கேப்பசிட்டபைன் கொடுத்துவிட்டு, வெட்டி எடுத்த திசுவில் அளந்து பார்த்தார்கள். 2000-ல் வெளிவந்த அந்த ஆய்வில் கட்டியில் இருந்த ஃபுளூரோயுராசில் பக்கத்து நல்ல திசுவைவிட 3.2 மடங்கு. கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளில் மட்டும் வித்தியாசம் 1.4 மடங்குதான், ஏனென்றால் கல்லீரலிலேயே இந்த நொதிக்குப் பஞ்சமில்லை. விளம்பரத்தில் வருகிற மாதிரி குறி பார்த்து அடிக்கிற அம்பு என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். கட்டியின் பக்கம் கொஞ்சம் சாய்ந்த தராசு, அவ்வளவுதான். மற்றத் தட்டிலும் எடை இருக்கத்தான் செய்கிறது, அக்காவின் விரல் நுனி அந்தத் தட்டில் இருந்தது.

உள்ளங்கைத் தோலிலும் முதுகுத் தோலிலும் துளி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். உள்ளங்கையில் இந்த நொதியும் அதிகம், செல்கள் பெருகுகிற வேகமும் அதிகம். மாத்திரை சாப்பிட்டு சில வாரத்தில் உள்ளங்கையும் பாதமும் சிவந்து, எரிந்து, உரிவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். உராய்வும் சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை செய்த ஒருவர் இந்த மாத்திரையில் இருந்தபோது கையைத் தண்ணீரில் முக்கியபடியே என் கடையில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. இதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு நல்ல செய்தி 2024-ல் வந்தது. டெல்லி எய்ம்ஸில் 264 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது. சாதாரண மூட்டுவலிக்குத் தடவுகிற 1 சதவீத டைக்ளோஃபினாக் ஜெல்லைக் கையில் தடவினவர்களில் நடுத்தரமும் கடுமையுமான பாதிப்பு 3.8 சதவீதம் பேருக்கு, வெறும் ஜெல் தடவினவர்களில் 15 சதவீதம் பேருக்கு. பெரிய கம்பெனி மருந்து எதுவும் இல்லை, எந்தக் கடையிலும் கிடைக்கிற டியூப். ஆனாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தடவுங்கள், சிறுநீரகம் சரியில்லாதவர்களும் இருப்பார்கள்.

ரேகை மறைவது தனிக் கதை. நெதர்லாந்தில் இதைத் தனியாக ஆராய்ந்தபோது கை உரிகிறவர்களுக்குத்தான் ரேகை போகும் என்ற கணக்கு ஒத்துவரவில்லை. கை நன்றாக இருக்கும்போதே ரேகை மறைந்தவர்களும் உண்டு. மருந்தை நிறுத்திய சில வாரங்களில் கோடுகள் திரும்ப வந்துவிட்டன.

இதுவரை சொன்னதில் நொதி நம் பக்கம். இப்போது அதன் இன்னொரு முகம். 1987-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் கோஹெய் மியாசோனோ, கார்ல்-ஹென்ரிக் ஹெல்டின் குழுவினர் மனித இரத்தத் தட்டுகளிலிருந்து ஒரு புரதத்தைச் சுத்தம் செய்து எடுத்தார்கள். புது இரத்தக் குழாய்களை வளரத் தூண்டுகிற புரதம். கட்டி வளர வேண்டுமென்றால் இரத்தம் வேண்டும், இரத்தம் வேண்டுமென்றால் குழாய் வேண்டும், ஆகவே இது பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. ஆனால் ஒரு இடம் இடித்தது. வளர்ச்சிக் காரணி என்றால் செல்லை விட்டு வெளியே வந்து பக்கத்து செல்லின் கதவைத் தட்ட வேண்டும். இந்தப் புரதத்திலோ வெளியே போவதற்கான சீட்டே இல்லை. அது செல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

1992-ல் முடிச்சு அவிழ்ந்தது. இ.கோலை என்கிற சாதாரணக் குடல் பாக்டீரியாவின் தைமிடின் பாஸ்பாரிலேஸும் இந்தப் புரதமும் அண்ணன் தம்பி சாயலில் இருப்பதை வரிசையை ஒப்பிட்டபோது பார்த்தார்கள். ஜப்பானின் ககோஷிமாவிலிருந்த குழு, அந்த இரத்தக் குழாய் வளர்க்கும் புரதமும் மனித தைமிடின் பாஸ்பாரிலேஸும் ஒன்றேதான் என்று காட்டியது. அதாவது ஐந்து வருஷமாக இரண்டு கூட்டம், இரண்டு பெயரில், ஒரே ஆளைத் துரத்திக்கொண்டிருந்தது. நொதி வெளியே வரத் தேவையில்லை, அது வெட்டிப் போடுகிற சர்க்கரை வெளியே வந்தால் போதும். பாஸ்பேட்டை உதறிவிட்டு டீஆக்ஸிரைபோஸ் செல்லைவிட்டுக் கசியும், குழாய்ச் சுவர்ச் செல்கள் அந்த வாசனைக்கு எறும்பு மாதிரி நகர்ந்து வரும். கருப்பட்டி மூட்டை கிழிந்த இடத்துக்கு எறும்பு சாரை வருவதைப் பார்த்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மூச்சுத் திணறுகிற கட்டிகளில், அதாவது ஆக்சிஜன் பற்றாத இடங்களில், இந்த நொதி கூடும். கூடினால் சர்க்கரை கசியும், குழாய் வரும், ஆக்சிஜன் வரும். கட்டிக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்திருக்கிற மேக்ரோஃபேஜ் என்ற நம்முடைய காவல் செல்களிலும் இது நிறைய இருப்பதால், போலீஸே திருடனுக்குக் குழாய் இணைப்புக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இங்கே என் கருத்து ஒன்று: இந்த நொதியைக் கெட்டவன் என்று எழுதுகிற கட்டுரைகள் இணையத்தில் நிறைய, நல்லவன் என்று எழுதுகிறவையும் உண்டு. இரண்டும் பாதிப் படம். கட்டி தன்னை வளர்க்க எந்த நொதியை அதிகமாக்கிக்கொள்கிறதோ, அதையே பிடித்து கேப்பசிட்டபைன் அதன் வாயில் விஷத்தை ஊட்டுகிறது. நொதி குறைந்த கட்டி இரத்தக் குழாய்க்குத் திண்டாடும், ஆனால் மாத்திரைக்கும் தப்பித்துக்கொள்ளும். நொதி மலிந்த கட்டி கொழுக்கும், ஆனால் மாத்திரையில் மாட்டும்.

அப்படியென்றால் கட்டியில் நொதியை அளந்து, அதிகமாக இருந்தால் கேப்பசிட்டபைன், இல்லாவிட்டால் வேறு என்று செய்யலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆய்வுகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கின்றன. நொதி அதிகமிருந்தால் மருந்துக்குக் கேட்கிறது என்று சிலது, சம்பந்தமில்லை என்று சிலது. ஊசி குத்தி எடுத்த ஒரு துளித் திசுவில் கட்டிச் செல்லும் இருக்கும், மேக்ரோஃபேஜும் இருக்கும், யாருடைய நொதியை அளந்தோம் என்பதே குழப்பம். அதனால் இந்த அளவை வைத்து மாத்திரை எழுதுகிற வழக்கம் இன்னும் வரவில்லை. ஆனால் நொதியை வேண்டுமென்றே கூட்டுகிற வழி ஒன்று உண்டு. கதிர்வீச்சு பட்ட கட்டியில் இது கூடுவதைச் சோதனையில் பார்த்தார்கள். மலக்குடல் புற்றுநோய்க்கு நம்ம ஊரில் சொல்கிற மாதிரி "கரண்ட் வைக்கும்போது" கூடவே இந்த மாத்திரையையும் கொடுப்பதற்குப் பின்னால் அந்த யோசனையும் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு டோசிடாக்செல் ஊசியோடு இதைச் சேர்ப்பதிலும் அதே கணக்குதான். 2002-ல் வந்த பெரிய ஆய்வில் ஊசி மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 11.5 மாதமும், இரண்டும் பெற்றவர்கள் 14.5 மாதமும் இருந்தார்கள்.

இந்த நொதியே இல்லாமல் பிறந்தால் என்னவாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இது புற்றுநோய்க்காகவே படைக்கப்பட்டது போலத் தோன்றும். மிக அபூர்வமான ஒரு பரம்பரை நோய் இருக்கிறது: குடல் அசைவது நின்றுபோய் உடம்பு எலும்பாகும், இமை தொங்கும், கை கால் மரத்துப் போகும். 1999-ல் அதற்குக் காரணம் தைமிடின் பாஸ்பாரிலேஸ் மரபணுவில் இருக்கும் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். வெட்ட ஆளில்லாமல் தைமிடின் இரத்தத்தில் குவிந்து, செல்லின் மின்சாரக் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. படியெடுப்பைக் குழப்பிவிடும். அவர்களுக்கு இன்னொருவரின் இரத்தத் தட்டுகளை ஏற்றினால் கொஞ்ச காலம் தைமிடின் இறங்கும். உப்சாலாக்காரர்கள் நொதியைப் பிடித்ததும் இரத்தத் தட்டிலிருந்துதானே.

இனி, மருந்தின் வெளி வாசல். உள்ளே வந்த ஃபுளூரோயுராசிலில் 80 சதவீதத்துக்கு மேல் கல்லீரலில் உடைந்து போகிறது. உடைக்கிற நொதியைச் சுருக்கமாக டி.பி.டி. என்கிறார்கள். அந்த வாசல் சிலருக்குப் பிறவியிலேயே பாதி மூடியிருக்கும், அபூர்வமாக முழுக்க மூடியிருக்கும். அவர்களுக்கு எல்லாருக்கும் கொடுக்கிற அளவைக் கொடுத்தால் முதல் சுற்றிலேயே வாய் வெந்து, பேதி நிற்காமல், வெள்ளை அணு சரிந்து உயிருக்கே வந்துவிடும். 2020-ல் ஐரோப்பிய மருந்து முகமை, ஆரம்பிக்கும் முன் இதைச் சோதித்துவிடுங்கள் என்று பரிந்துரைத்தது. சோதனையில் வழக்கமாகப் பார்க்கிற நான்கு மரபணு மாற்றங்கள் ஐரோப்பிய மக்களிடம் கண்டெடுத்தவை என்பதால் நம்மவர்களுக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். எப்படியும், டாக்டரிடம் இந்தச் சோதனை பற்றிக் கேட்பதில் தப்பில்லை.

வாசல் பிறகு மூடிக்கொள்வதும் உண்டு. கீமோவில் இருப்பவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து அக்கி வருவது சகஜம். நம்ம பக்கம் வேளாரிடம் போய்ச் செம்மண்ணில் அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள், அதனால் மருந்துக்கு ஒரு குந்தகமும் இல்லை. 1993 செப்டம்பரில் ஜப்பானில் சொரிவுடின் என்று அக்கிக்கு ஒரு புது மாத்திரை வந்தது. அதுவும் ஒரு நியூக்ளியோசைடு. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதன் சர்க்கரையை வெட்டிவிட, மிஞ்சிய பகுதி டி.பி.டி. நொதியில் போய் நிரந்தரமாக ஒட்டி வாசலைப் பூட்டியது. ஃபுளூரோயுராசில் வகை மாத்திரை ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த 15 நோயாளிகள் சில வாரங்களிலேயே இறந்தார்கள். புற்றுநோய் மாத்திரை சரி, அக்கி மாத்திரையும் சரி, இரண்டும் ஒரே வயிற்றில் சேர்ந்ததுதான் வினை. சொரிவுடின் கடையை விட்டே போய்விட்டது. கடைக்காரனாக எனக்கு இந்தக் கதை மறக்கவே மறக்காது. "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று நான் நச்சரிப்பதற்கு இதுதான் காரணம். கேப்பசிட்டபைன் விஷயத்தில் இரண்டை மட்டும் எப்போதும் கேட்பேன். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறீர்களா, ஏனென்றால் சேர்ந்தால் இரத்தக் கசிவு வரலாம். சத்து மாத்திரை என்று ஃபோலிக் ஆசிட் யாராவது கொடுத்தார்களா, ஏனென்றால் ஃபோலேட் சேர்ந்தால் ஃபுளூரோயுராசில், தைமினை உண்டாக்குகிற அந்த நொதியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், பக்க விளைவும் ஏறும். அப்புறம் 14 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு என்று எழுதியிருந்தால், ஓய்வு நாளிலும் மிச்சமிருப்பதைச் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். தோலும் குடலும் வெள்ளை அணுவும் திரும்ப முளைப்பது அந்த ஏழு நாளில்தான்.

கடைசியாக இதே கத்தரிக்கோல் எதிரியாக நிற்கிற மருந்து. ஹைடெல்பெர்கரே 1964-ல் இன்னொரு மருந்தையும் செய்தார், டிரைஃபுளூரிடின். தைமிடினுக்கு இரட்டைப் பிறவி மாதிரி இருக்கும், டி.என்.ஏ.வுக்குள் நேராகப் போய் உட்கார்ந்துகொண்டு கெடுக்கும். ஆனால் தைமிடின் மாதிரியே இருந்ததுதான் அதற்குக் கேடாகப் போயிற்று. தைமிடின் பாஸ்பாரிலேஸ் அதையும் வெட்டித் தள்ளியது, இரத்தத்தில் அதிக நேரம் தாக்குப் பிடிக்கவில்லை. அதனால் அது பல வருஷம் கண்ணில் வரும் ஹெர்பீஸ் புண்ணுக்குச் சொட்டு மருந்தாகக் காலம் தள்ளியது. ஜப்பானியர்கள் மறுபடியும் வந்தார்கள். டிபிராசில் என்று ஒன்றைக் கூடச் சேர்த்தார்கள். அதற்குக் கட்டியைக் கொல்கிற சக்தி பெரிதாக இல்லை, வேலையெல்லாம் கத்தரிக்கோலின் வாயில் ஒரு கட்டையைச் சொருகுவது. இரண்டும் சேர்ந்த மாத்திரை ஜப்பானில் 2014-லும் அமெரிக்காவில் 2015-லும் வந்தது. மற்ற மருந்தெல்லாம் பார்த்து ஓய்ந்த 800 பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் சோதித்ததில், மாத்திரை சாப்பிட்டவர்களின் சராசரி வாழ்நாள் 7.1 மாதம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5.3 மாதம். கட்டிக்கு இரத்தக் குழாய் வளராமல் தடுக்கிற பெவாசிசுமாப் ஊசியும் சேர்த்துக் கொடுத்தால் 10.8 மாதம், மாத்திரை மட்டும் என்றால் 7.5 மாதம் என்று 2023-ல் இன்னொரு ஆய்வு வந்தது. சின்ன எண்கள்தான். ஆனால் பேத்தியின் சடங்கு வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று கேட்கிறவருக்கு இரண்டு மாதம் சின்னது என்று நான் எப்படிச் சொல்வேன்?

இப்படிக் கத்தரிக்கோலுக்குக் கட்டை சொருகுகிற வேலை மற்ற நொதியிடமும் நடக்கிறது. மேலே சொன்ன சைட்டிடின் டீஅமினேஸ், கேப்பசிட்டபைனின் நடு முடிச்சை அவிழ்த்து உதவுகிறதே, அதே நொதி கணையப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஜெம்சிடபைனை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். சில கட்டிகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களே இந்த நொதியால் ஜெம்சிடபைனைத் தின்றுவிடுகின்றன என்று 2017-ல் காட்டினார்கள். சில இரத்தப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் டெசிடபைனை ஊசியாக மட்டுமே போட்டுக்கொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம். 2020-ல் இந்த நொதியைத் தடுக்கும் செடாசுரிடினோடு சேர்த்து அது மாத்திரையாக வந்தது.

அக்காவுக்கு வருகிறேன். இந்த வருஷம் தொடக்கத்தில் எடுத்த ஸ்கேனில் கல்லீரலுக்குப் பரவியிருந்த கட்டி வளர்ந்துவிட்டது என்று கேப்பசிட்டபைனை நிறுத்திவிட்டார்கள். சில மாதம் ஊசி ஏற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. போன வாரம் டிரைஃபுளூரிடின், டிபிராசில் என்று எழுதின சீட்டோடு வந்தார். ஸ்டாக்கிஸ்டிடம் சொல்லி வரவழைக்க இரண்டு நாளாகும் என்றேன். ஐந்து நாள் சாப்பிட்டு இரண்டு நாள் விட்டு, மறுபடி ஐந்து நாள், அப்புறம் இரண்டு வாரம் கிட்டே விடுமுறை, காலையும் சாயங்காலமும் சாப்பாட்டுக்குப் பிறகு என்று காகிதத்தில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். காய்ச்சல் வந்தால் மலையில் உட்கார்ந்து கஷாயம் குடித்துக்கொண்டிருக்காமல் உடனே இறங்கி வர வேண்டும், இது வெள்ளை அணுவைத்தான் அதிகம் இறக்கும் என்றும் சொன்னேன்.

"இதுக்கும் கை உரியுமா தம்பி?"

"இதுல அது ரொம்பக் கம்மிக்கா."

சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டவர், போகும்போது கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நுனியில் சுழி தெளிவாகத் தெரிந்தது. "பாத்தியா, திரும்ப வந்துடுச்சு. ரேஷன் கடையில நேத்து ஒரே தடவையில எடுத்துக்குச்சு" என்றார்.